சோர்வு வேறு, துறவு வேறு

திருவொற்றியூரில் ஓர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இளமையில் சென்னைக்கு வந்து, எண்ணூர் நெடுஞ்சாலையோரத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் மூன்று ஷிப்டிலும் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். மனைவியார் மறைந்து பத்து மாதங்கள் ஆகின்றன. அவர் இப்போது ஒருவேளைதான் உண்கிறார், அதுவும் இரண்டு பிடி. எவரோடும் பேசுவதில்லை. பண்டிகைக்கு வாங்கிய புதுவேட்டியைப் பிரித்தும் பார்க்கவில்லை. "எனக்கு இனி என்ன இருக்கிறது?" என்பதே அவர் அடிக்கடி சொல்லும் சொல்.

ஊரிலிருந்து வரும் உறவினர் இதைக் கண்டு வியக்கின்றனர். "மாமாவுக்கு வைராக்கியம் வந்துவிட்டது, எத்தனை பேருக்கு இது வாய்க்கும்!" என்று கைகூப்பிச் செல்கின்றனர். வீட்டாரும் உள்ளூரப் பெருமை கொள்கின்றனர். பள்ளியில் படிக்கும் பேத்தி மட்டும் ஒருநாள் கேட்கிறாள்: "தாத்தா, நீங்கள் ஏன் இப்போதெல்லாம் காலையில் பஞ்ச நமஸ்காரம் சொல்வதில்லை?" பெரியவர் நெடுநேரம் பேசாதிருந்து, "சொல்லி என்ன ஆகப் போகிறது, அம்மா?" என்கிறார்.

இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் வரலாறு அன்று. சிறு சிறு வேறுபாடுகளோடு நம் இல்லங்கள் பலவற்றில் நிகழ்வதே. உலகப்பற்றை விட்டவர் அறத்தை மேலும் இறுகப் பற்றுவார். இப்பெரியவரோ உணவை விட்டது போலவே மந்திரத்தையும் விட்டிருக்கிறார். உறவினர் காணாத இதைக் குழந்தை கண்டுகொண்டது. அவருக்கு வந்திருப்பது வைராக்கியம் அன்று, மனச்சோர்வு என்னும் நோய்.

துறவைப் போற்றும் சமயம் நம்முடையது. அதனாலேயே நம்மிடையே இந்நோய் துறவின் வேடம் பூண்டு எளிதில் ஒளிந்து கொள்கிறது. அந்த வேடத்தைக் களைந்து நோயை நோயாகக் காண்பது எவ்வாறு, கண்டபின் செய்ய வேண்டியது யாது என்பதே இப்பாடத்தின் பொருள்.

நூல்கள் காட்டும் துயரச் சிந்தனை

மனச்சோர்வு புதிதாகத் தோன்றிய நோய் என்று எண்ண வேண்டா. நம் ஆசாரியர்கள் மனத்தின் துயரங்களை மிக நுட்பமாக ஆராய்ந்துள்ளனர். தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் தியானத்தை ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்கிலம் என நான்காகப் பகுக்கிறது. இவற்றுள் ஆர்த்தம் என்பது துயரில் ஊன்றிய சிந்தனை. அது நால்வகைப்படும். விரும்பாதது வந்து சேர்ந்ததையே நினைத்தல் ஒன்று. விரும்பியது பிரிந்ததையே நினைத்தல் ஒன்று. உடல் வேதனையையே நினைத்தல் ஒன்று. இனி வரவேண்டிய போகத்திற்கு ஏங்குதல் ஒன்று.

இதைத் தியானம் என்று வகைப்படுத்தியதன் நுட்பத்தை நோக்குக. தியானம் என்பது மனம் ஒன்றிலேயே ஊன்றி நிற்றல். சோர்வுற்றவர் மனமும் அவ்வாறே ஒரே துயரைப் பற்றிக்கொண்டு இரவும் பகலும் சுற்றுகிறது. மனநல மருத்துவர்கள் இன்று நோயின் முக்கிய இயல்பாகக் கூறுவதும் இந்தச் சுழற்சியையே.

இன்னொரு செய்தியும் அங்கே உண்டு. ஆர்த்தத் தியானம் எவருக்கு நிகழும் என்று சொல்லுமிடத்து, விரதம் இல்லாதவர், அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார் ஆகியோருடன், ஆறாம் குணஸ்தானத்தில் நிற்கும் முனிவரையும் சேர்த்தே சூத்திரகாரர் கூறுகிறார். அம்முனிவர்க்கு நிதானம் என்னும் போக ஏக்கம் ஒன்று மட்டுமே இல்லை என்பது உரையாசிரியர் விளக்கம். மகாவிரதம் பூண்டவரையும் துயரச் சிந்தனை தீண்டக்கூடும் என்றால், இல்லறத்தார் ஒருவர் "எனக்கு இப்படி வந்துவிட்டதே" என்று நாணுவதற்கு என்ன இருக்கிறது?

சோகம், அரதி ஆகிய இரண்டையும் நம் நூல்கள் ஒன்பது நோகஷாயங்களுள் வைத்து, மோகனீய கன்மத்தின் விளைவு என்கின்றன. அரதி என்பது எதிலும் மனம் ஒட்டாமை. பிடித்த உணவு, பழகிய வேலை, பெற்ற பிள்ளை ஆகிய எதிலும் சுவை அற்றுப்போதல் மனச்சோர்வின் தலையாய அறிகுறி என்று மருத்துவ நூல்கள் கூறும். அரதியை மோகத்தின் மக்களுள் ஒன்றாக நம் நூல்கள் எண்ணுகின்றன. துறவின் குணங்களுள் ஒன்றாக எங்கும் எண்ணவில்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்தினால் பாதி மயக்கம் தெளியும்.

நான்கு மயக்கங்கள்

முதலாவது, உண்ணாமை. உபவாசம் இருப்பவர் பசியை அறிவார். அறிந்து அதனை வெல்வார். நாள் குறித்து ஏற்று, நாள் முடிந்தபின் பாரணை செய்வார். சோர்வுற்றவருக்குப் பசியே எழுவதில்லை. அவர் உணவை விடவில்லை. உணவின் மீதான விருப்பம் அவரை விட்டுப் போயிருக்கிறது. இரண்டும் வெளியில் ஒன்று போலத் தோன்றும். தன்னிடமோ பிறரிடமோ துக்கத்தையும் சோகத்தையும் விளைவித்தல் அசாதா வேதனீயம் என்னும் துன்ப வினைக்குக் காரணம் என்று ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. அப்படியாயின் நோன்பும் தன்னை வருத்துவதுதானே என்று ஐயம் எழலாம். சர்வார்த்தசித்தியில் பூச்சியபாதர் இந்த ஐயத்தை எழுப்பி விடையும் தருகிறார். முனிவரின் கட்டியைக் கருணையோடு அறுக்கும் மருத்துவனுக்குப் பாவம் இல்லாதவாறு, கஷாயம் இன்றி ஏற்கும் தவத்தில் குற்றம் இல்லை என்பது அதன் கருத்து. தெளிந்த மனத்தோடு ஏற்பது தவம். துயரத்தால் தள்ளப்பட்டு நேர்வது தவமாகாது.

இரண்டாவது, தனிமை. ஏகத்துவச் சிந்தனை செய்பவர், "என் வினையை நானே நுகர்கிறேன், என் விடுதலையை நானே தேடுவேன்" என்று வலிமை பெறுவார். சோர்வுற்றவர், "எனக்கு யாரும் இல்லை, நான் யாருக்கும் வேண்டாதவன்" என்று வலிமை இழப்பார். முன்னது ஆன்மாவைத் தனியே அறிவது. பின்னது ஆன்மாவையே மதிப்பற்றதாக எண்ணுவது.

மூன்றாவது, பற்றின்மை. மாத்தியஸ்தம் என்பது விருப்பும் வெறுப்பும் இன்றிச் சமநிலையில் நிற்றல். சோர்வுற்றவரிடம் விருப்பு இராது. ஆயின் தன் மீது வெறுப்பு நிறைய இருக்கும். "நான் பாவி, என்னால்தான் எல்லாம் கெட்டது" என்று சிறு பிழைகளை மலையாக்கி வருந்துவார். தன்னை வெறுப்பவரிடத்தில் சமநிலை எங்ஙனம் இருக்கும்?

நான்காவது மயக்கமே மிகக் கொடியது. "போதும், போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது" என்று ஒருவர் சொல்லும்போது, வயது முதிர்ந்தவராயின், அதனைச் சல்லேகனைக்குரிய மனநிலை என்று சிலர் எண்ணிவிடுகின்றனர். இது பெரும்பிழை. சல்லேகனையின் அதிசாரங்கள் ஐந்தனுள், வாழவேண்டும் என்று ஏங்குதலோடு, இறக்கவேண்டும் என்று விரும்புதலும் ஒன்றாகும். மரணத்தை விரும்புவதே விரதத்திற்குக் குற்றம் என்று விதித்த சமயம் நம்முடையது. மேலும், தவிர்க்க இயலாத இடர், பஞ்சம், மூப்பு, தீர்க்க இயலாத நோய் என்னும் நிலைகளையே இரத்தினகரண்டகம் அதற்கு உரியனவாகக் கூறும். மனச்சோர்வோ தீர்க்கக்கூடிய நோய். ஆகவே, சோர்வினால் எழும் இறப்பு விருப்பத்திற்கும் சல்லேகனைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அச்சொல் எவர் வாயில் பிறந்தாலும், அன்றே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது உடனிருப்போர் கடமை. அதுவரை அவரைத் தனியே விடலாகாது.

நம்மைச் சூழ்ந்த துயரம்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழும் நாம் துயரத்தின் காரணங்களைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. இரவும் பகலும் மாறி மாறி வரும் ஷிப்ட் வேலை உறக்கத்தைக் குலைக்கிறது. கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல் நள்ளிரவிலும் ஓய்வதில்லை. 1970-களில் இயங்கத் தொடங்கி இப்பகுதியின் அடையாளமாக நின்ற எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சு மாதத்தில் மூடப்பட்டது. ஓர் ஆலை நிற்கும்போது ஊதியத்தோடு, காலையில் எழுந்து செல்வதற்கு ஓர் இடமும், "நான் இன்ன வேலை செய்பவன்" என்று சொல்லிக்கொள்ளும் பெருமையும் சேர்ந்தே போகின்றன.

2023 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. படகும் வலையும் கரிய பிசுக்கேறின. கூழைக்கடாக்களின் இறகுகளும் கறுத்தன. அம்மாதம் 26 ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத்திணறிய மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினர். ஒரே மாதத்தில் இரண்டு பேரிடர்களைக் கண்ட அக்குப்பங்களில், காற்றில் சிறிது நெடி வந்தாலும் நெஞ்சு படபடப்பவர் இருப்பதில் வியப்பில்லை.

மீனவரின் தொழில் நம் விரதத்திற்கு ஒவ்வாதது என்பது உண்மை. அதனால் அவர் துயரம் நம் கருணைக்கு உரியதன்று என ஆகிவிடாது. துன்புறும் உயிர்களிடத்துக் காருண்யம் என்று விதித்த நூல், இன்ன தொழிலுடைய உயிர் என்று வரையறை செய்யவில்லை. விரும்பாதது வந்து சேர்தலும் விரும்பியது பிரிதலும் அவர் இல்லத்திலும் நம் இல்லத்திலும் ஒரே துயரையே விளைக்கின்றன.

இந்நோய் எவ்வளவு பரவலானது? பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2015-16 ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர். மனநோயுற்றோருள் பெரும்பாலோர் சிகிச்சையே பெறுவதில்லை என்பதையும் அவ்வாய்வு காட்டியது. திரள் கூடிய ஓர் ஆலய விழாவில் அமர்ந்திருக்கும் வரிசைகளை எண்ணிப் பார்த்தால், நம்முள் எத்தனை பேர் வெளியில் சொல்லாது இதனைச் சுமக்கக்கூடும் என்பது விளங்கும்.

வினையும் மருந்தும்

"எல்லாம் வினைப்பயன், அனுபவித்துத்தான் தீரவேண்டும், மருந்து எதற்கு?" என்பர் சிலர். காய்ச்சலுக்கு இவர்கள் அவ்வாறு சொல்வதில்லை. வினை உதயமாவதற்குத் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் சார்புகள் உண்டு என்பது நம் கொள்கை. சார்பு மாறினால் விளைவின் கடுமையும் மாறும். அதனை மாற்ற முயல்வதே புருஷார்த்தம். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் மருந்தை வைத்தவர் நம் முன்னோர். கொடுத்தால் புண்ணியம் என்று சொன்ன மருந்து, உண்டால் இழிவாகுமா?

மனத்தாழ்வு, சுவையின்மை ஆகிய இரண்டனுள் ஒன்றேனும் இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நாள்தோறும் நீடித்து, உறக்கக் குறைவு அல்லது மிகுதி, பசி மாற்றம், களைப்பு, கவனம் நில்லாமை, தன்னிழிவு எண்ணம் போன்றவை பலவும் உடன் சேர்ந்து அன்றாட வேலையைக் கெடுக்குமாயின் மருத்துவரைக் காணவேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தச்சோகையும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். வைட்டமின் பி12 குறைவும் அத்தகையதே. புலால் உண்ணாதவர்க்குப் பாலும் தயிருமே அதற்கு முக்கிய வாயில். முதுமையில் அவற்றையும் குறைத்துக் கொள்பவர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நலம்.

மனச்சோர்வுக்கான மருந்துகள் பெரும்பாலும் பயன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களோ மேலுமோ ஆகும். பத்து நாளில் "பயனில்லை" என்று விடுவதும், நலம் தோன்றியவுடன் நிறுத்துவதும் தவறு. குணமான பின்னும் ஆறு மாதங்களேனும் தொடர்ந்து, மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே நிறுத்தவேண்டும். பழைய அச்சம் போல இவை போதைப் பழக்கத்தை உண்டாக்குவன அல்ல.

நம்மவர்க்கே உரிய மூன்று ஐயங்கள் உள்ளன. கூட்டு மருந்துகளின் மேலுறை விலங்கிலிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனதாக இருக்கலாம். மனச்சோர்வு மருந்துகள் பல மாத்திரை வடிவிலும் கிடைக்கின்றன. மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். இரவுணவு நீத்தவர், மருந்தைப் பகலில் உட்கொள்ளுமாறு வகுத்துத் தர இயலுமா என்று கேட்கலாம். பல மருந்துகளுக்கு அது இயலும். மூன்றாவதாக, லித்தியம் போன்ற சில மருந்துகளை உட்கொள்பவர் நீரின்றி உபவாசம் இருந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு கூடி ஆபத்து நேரும். தசலக்ஷண நாள்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேசி, அவர் வேண்டாம் என்றால் உபவாசத்திற்கு மாற்றாக வேறொரு தவத்தை ஏற்கலாம். அகத்தவம் ஆறனுள் சுவாத்தியாயமும் வையாவிருத்தியமும் இல்லையா?

சென்னையில் "கீழ்ப்பாக்கம்" என்னும் ஊர்ப்பெயரையே ஏளனச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். 1794-இல் தொடங்கப்பெற்று, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் அம்மருத்துவமனை எண்ணற்றோரைக் குணமாக்கி வீட்டுக்கு அனுப்பியுள்ளது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன் அதன் கண்காணிப்பாளராகப் பல்லாண்டு பணியாற்றி, குடும்பத்தாரையும் சிகிச்சையில் பங்காளிகளாக்கும் முறைகளை அங்கே வளர்த்தார். 1984-இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவிய அவர், 2021-இல் தம் 98 ஆம் வயதில் மறைந்தார். வடசென்னையில் உள்ளோர் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் நாடலாம். நேரில் செல்லத் தயங்குவோர்க்கு, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் விடை தரும். தற்கொலை எண்ணம் உடையோர்க்குச் செவிசாய்க்க 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய ஸ்நேகா அமைப்பும் சென்னையில் உண்டு. அதன் எண் 044-24640050. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும் என்கிறது. எனவே வழக்குக்கு அஞ்சிச் சிகிச்சையை மறைக்க வேண்டியதில்லை.

அன்றாட நலன்கள்

சோர்வுற்றவரிடம், "மனத்தைத் தேற்றிக்கொண்டு எழுந்து வேலை பார்" என்று சொல்கிறோம். மனம் தேறினால் செயல் தொடங்கும் என்பது நம் எண்ணம். மருத்துவம் கண்ட உண்மையோ, சிறு செயல் தொடங்கினால் மனம் மெல்லத் தேறும் என்பது. கோவாவில் விக்ரம் படேல் முதலானோர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வு கடுமையாக இருந்த 495 பேரிடம் இதனைச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டனர். மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற சாதாரண மக்கள், ஆறு முதல் எட்டு அமர்வுகளில் நோயுற்றவரோடு பேசி, அவர் விட்டுவிட்ட சிறு செயல்களை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கச் செய்தனர். மூன்று மாதங்களில் நோய் தணிந்தவர், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 39 பேர். இவ்வுதவியும் பெற்றோரில் 64 பேர். ஜிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்னும் மருத்துவர் 2006 முதல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி தந்து, சுகாதார நிலையத்தின் வெளியே ஒரு மரப்பலகையில் அமர்ந்து துயருற்றோர் சொல்வதைக் கேட்கச் செய்தார். நம் திண்ணைகள் ஒருகாலத்தில் செய்த பணியே அது.

இவற்றை நம் ஒழுக்கத்தோடு பொருத்திப் பார்ப்போம்.

1. எழும் நேரம்: உறக்கம் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்தில் எழுதல் முதல் மருந்து. எழுந்தவுடன் காலை ஒளியில் சிறிது நடத்தல் அடுத்தது. கடலைக் கிழக்கே உடைய நமக்குச் சூரியோதயம் தெருமுனையில் கிடைக்கிறது. கண் தரையை நோக்க, உயிர்களை மிதியாது நடக்கும் ஈரியா சமிதியைச் சிறிதளவேனும் பயிலலாம். அடுத்த அடியைக் கவனிக்கும் மனம் அவ்வளவு நேரமும் துயரச் சுழலிலிருந்து விலகி நிற்கும்.

2. உணவு: சூரியன் மறையுமுன் வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் வழக்கம் நமக்குக் கிடைத்த செல்வம். சோர்வுற்றவரின் தட்டை அவர் அறைக்கு அனுப்பாது, அவரைப் பந்திக்கு அழைத்து வருக. அவர் இரண்டு கவளம் உண்டாலும் போதும்; உடன் அமர்ந்ததே பெரிது.

3. சாமாயிகம்: 48 நிமிடம் தனியே மௌனமாக அமர்தல் நலமுற்றோர்க்கு அமுதம். கடும் சோர்வில் இருப்பவரை அவ்வாறு அமர்த்தினால், அம்மௌனத்தில் ஆர்த்தமே தியானமாகிவிடும். அவர்க்குச் சில மணித்துளிகள் போதும். பிறரோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல்வது ஏற்றது. சுவாத்தியாயத்தின் ஐந்து பகுதிகளுள் வாசித்தல், வினவுதல், ஓதுதல் ஆகியவற்றை முதலில் கொள்க. தனித்துச் சிந்தித்தலை நலம் பெற்றபின் கொள்ளலாம்.

4. பாவனை: அநித்தியம், அசரணம், அசுசித்துவம் ஆகிய சிந்தனைகள் பற்று மிகுந்தவர்க்கு மருந்து. ஏற்கெனவே எல்லாம் வெறுமை என்று துவண்டிருப்பவர்க்கு அவை சுமையாகலாம். அவர்க்கு மைத்திரியும் பிரமோதமும் ஏற்றவை. பிரமோதம் என்பது பிறர் நற்குணம் கண்டு மகிழ்தல். அன்று கண்ட ஒரு நற்செயலைப் படுக்குமுன் ஒருவரிடம் சொல்லுதல் எளிய பயிற்சி.

5. கைப்பணி: பூசைக்குப் பூத்தொடுத்தல், பேத்தியின் பாடநூலுக்கு அட்டை போடுதல், பறவைக்கு நீர் வைத்தல், நீரை வடிகட்டுதல் என ஏதேனும் ஒரு சிறு பொறுப்பு அவருடையதாக இருக்கட்டும். உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுவதற்கே உள்ளன என்பது சூத்திரத்தின் கருத்து. உதவி பெறுவதோடு உதவி செய்யவும் வாய்ப்பிருந்தால்தான் ஒருவர் தம்மை மதிப்புடையவராக உணர்வார்.

6. சொல்லுதல்: பிராயச்சித்த வகைகளுள் முதலாவது ஆலோசனை, அதாவது உள்ளத்தில் உள்ளதை ஒளியாது குருவிடம் உரைத்தல். மனத்தைத் திறந்து சொல்வதைப் பலவீனம் என்று நம் சமயம் கருதவில்லை, தூய்மைக்கு முதற்படி என்றே கருதியது. நம்பத்தக்க ஒருவரிடம் துயரைச் சொல்லுதலும் அந்நெறிக்கு இயைந்ததே.

இல்லத்தார் கடமை

நற்காட்சியின் உறுப்புகள் எட்டனுள் உபகூகனமும் ஸ்திதிகரணமும் இங்கே நினைக்கத்தக்கவை. உபகூகனம் என்பது பிறர் குறையைப் பறைசாற்றாது காத்தல். ஒருவர் மனநல மருத்துவரிடம் செல்வதைத் திருமணப் பேச்சிலும் கூட்டங்களிலும் பேசித் திரிவோர் இவ்வுறுப்பை இழக்கின்றனர். ஸ்திதிகரணம் என்பது நிலை தளர்ந்தவரை மீண்டும் நிலைநிறுத்துதல். அதற்கு எடுத்துக்காட்டாக நூல்கள் கூறுவது வாரிசேண முனிவரை. துறவு பூண்டும் மனம் மனைவியிடமே நின்ற புஷ்பதாலரை அவர் பழிக்கவில்லை, விலக்கவுமில்லை. தம்மோடு அரண்மனைக்கு அழைத்துச் சென்று, தாம் துறந்த செல்வத்தைக் காட்டித் தெளிவித்தார். தளர்ந்தவரின் உடன் நடந்து சென்றதே அவர் செய்த பேருதவி.

நாமும் அவ்வாறே செய்யவேண்டும். "உனக்கு என்ன குறை?" என்று கேட்பதை விடுத்து, "இன்றிரவு உறங்கினீர்களா?" என்று கேட்போம். "மருத்துவரிடம் போ" என்பதினும், "வாருங்கள், நானும் வருகிறேன்" என்பது மேல்.

தொடக்கத்தில் கண்ட இல்லத்திற்குத் திரும்புவோம். பேத்தியின் சொல்லைக் கேட்ட மகன், தந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறான். மாத்திரை தொடங்குகிறது. நாள்தோறும் மாலையில் பேத்தி வாசிக்க, தாத்தா பிழை திருத்துகிறார். முதல் மாதம் பெரிய மாற்றம் இல்லை. இரண்டாம் மாதத்தில் ஒருநாள், "சாம்பாரில் உப்புக் குறைவு" என்கிறார். மருமகள் அதைக் கேட்டுக் கண்கலங்குகிறாள். குறை சொன்னதற்காக அன்று, சுவை திரும்பியதற்காக. சில வாரங்கள் கழித்து, விடியலில் எவரும் எழுப்பாமலே, பஞ்ச நமஸ்காரம் சொல்லும் அவர் குரல் கேட்கிறது. மனைவியாரை இழந்த துயரம் அவரிடம் இன்னும் இருக்கிறது. இப்போது அவர் அதனைத் தாங்குகிறார். அது அவரை விழுங்கவில்லை. இனி அவர் ஏதேனும் ஒரு விரதத்தை ஏற்பாராயின், அது தெளிந்த மனத்தின் விரதமாக இருக்கும். அன்று நாம் கைகூப்பலாம்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. அரதிக்கும் வைராக்கியத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. இறப்பை விரும்புதல் சல்லேகனையின் அதிசாரமாகக் கூறப்பட்டது ஏன்?
3. சோர்வுற்றவர்க்குச் சுவாத்தியாயத்தின் எப்பகுதிகள் முதலில் ஏற்றவை? ஏன்?
4. நம் இல்லத்திலோ தெருவிலோ கடந்த சில வாரங்களாகப் பேச்சுக் குறைந்தவர் எவரேனும் உளரா? அவரை நாம் எப்போது காணப் போகிறோம்?

நான்காம் வினாவுக்கு விடை எழுத வேண்டா. இன்று மாலையே சென்று அவர் அருகில் அமர்க.